ஆங்கில வரிக்கு மேலே தமிழில் எழுதி வாசிக்கிறார்கள், அழிக்கச் சொல்லலாமா?

ஏழாம் வகுப்பு சி | ஜூன் 16, இரவு 9.12

ஏழாம் வகுப்பு, 38 பிள்ளைகள். ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் வரிக்கு வரி மேலே பென்சிலில் தமிழ். 'ஒன்ஸ் தேர் வாஸ் எ ஃபார்மர்' என்கிற மாதிரி. அதைப் பார்த்துத்தான் கடகடவென்று வாசிக்கிறார்கள். கீழே இருக்கிற ஆங்கில எழுத்தை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. ரப்பரை எடுக்கச் சொன்னால் பாதி வகுப்பு ஊமையாகிவிடும். அழிக்கச் சொல்வதா, விட்டுவிடுவதா?

சிவப்பு மை | ஜூன் 16, இரவு 9.50

முதல் நாளே அழிக்கச் சொல்லாதீர்கள். அப்படியே விட்டுவைக்கவும் கூடாது.

ஏன் கெடுதல் என்று பிள்ளைகளுக்கே காட்டிவிடலாம். பலகையில் தமிழில் 'பேக்' என்று எழுதுங்கள். இது என்ன என்று கேளுங்கள். பை என்பான் ஒருவன். முதுகு என்பாள் ஒருத்தி. சாமானைக் கட்டி வைப்பதும் அதேதான், அடுப்பில் கேக் சுடுவதும் அதேதான். ஆங்கிலத்தில் நான்கும் நான்கு விதமாக எழுதப்படும் நான்கு சொற்கள். தமிழில் ஒரே இரண்டு எழுத்து. அடுத்தது 'கோட்': ஆடா, மேலே போடுவதா? நம் எழுத்தில் ககரம் ஒன்றுதான், பகரம் ஒன்றுதான், டகரம் ஒன்றுதான். தமிழைப் படிக்க அது போதும். ஆங்கில ஒலியைப் பிடித்து வைக்கப் போதாது.

இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அதற்கப்புறம் 'டீச்சர் சொன்னதால் அழிக்கிறேன்' என்பது போய்விடும்.

சிவப்பு மை | ஜூன் 16, இரவு 10.05

ஒன்று விட்டுப்போனது. சொல்லின் ஒலியைத் தமிழில் எழுதுவது வேறு, பொருளைத் தமிழில் எழுதுவது வேறு. பொருளை ஓரத்தில் எழுதுவது நல்ல பழக்கம், அதில் கை வைக்காதீர்கள். ஒலியைத்தான் நிறுத்த வேண்டும்.

நிறுத்தும் வழி: முதல் வாரம் ஒரு பத்திக்கு ஐந்து சொல்லுக்கு மட்டும் தமிழ் அனுமதி. எந்த ஐந்து என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அந்தத் தேர்வுக்காகவாவது மற்றச் சொற்களை ஒருமுறை உற்றுப் பார்த்தாக வேண்டும். இரண்டாம் வாரம் தமிழுக்குப் பதில் பென்சில் கோடு: நீளமான சொல்லை அசை அசையாகச் சாய்கோடு போட்டுப் பிரிப்பது. 'இன்/ஃபர்/மே/ஷன்' என்று நான்கு துண்டு. அது ஆங்கில எழுத்தின் மேலேயே விழும் கோடு, கண் வேறு இடத்துக்குப் போகாது. மூன்றாம் வாரம் புதிய பாடத்தை எழுதாத புத்தகத்தில் தொடங்குங்கள். பழைய பாடங்களில் இருப்பது இருந்துவிட்டுப் போகட்டும்.

மாலை டியூஷன் | ஜூன் 17, காலை 6.30

ஒலி எழுதவே கூடாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். 'ஐலண்ட்' என்ற சொல்லில் நடுவில் எஸ் எழுத்து சும்மா உட்கார்ந்திருக்கிறது. 'கர்னல்' என்ற சொல்லில் ஆர் எழுத்தே கிடையாது. இதையெல்லாம் பிள்ளை எழுத்தைக் கூட்டிக் கண்டுபிடிக்குமா?

சிவப்பு மை | ஜூன் 17, காலை 7.15

சரிதான், திருத்திக்கொள்கிறேன். எழுத்துக்கும் ஒலிக்கும் சம்பந்தமில்லாத சொல் என்றால் தமிழில் எழுதிக்கொள்ளட்டும். ஒரு பாடத்தில் அப்படி நான்கைந்துகூட வராது. அவற்றைப் பலகையின் வலது மூலையில் பெட்டி கட்டி 'முரட்டுச் சொற்கள்' என்று நீங்களே எழுதிவிடுங்கள், புத்தகத்தில் எழுதும் வேலை மிச்சம்.

கணக்கு வாத்தியார் | ஜூன் 17, இரவு 8.40

ஆங்கிலத்துக்கும் எனக்கும் தூரம். ஒரு சந்தேகம் மட்டும். இங்கே நீங்கள் 'டி' என்று எழுதினால் அது ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தா, இருபதாம் எழுத்தா?

சிவப்பு மை | ஜூன் 17, இரவு 8.52

பார்த்தீர்களா. இந்த இழைக்கே அந்த நோய் உண்டு. நான்காம் எழுத்தை டி என்றும் இருபதாம் எழுத்தை டீ என்றும் வைத்துக்கொள்வோம். குடிக்கிற டீயும் கணக்கில் சேரும்.

ஏழாம் வகுப்பு சி | ஜூன் 19, இரவு 9.30

பேக் வேலை செய்தது. ஆனால் ஐந்து சொல் அனுமதி என்றதும் பத்துப் பன்னிரண்டு பேரால் நகரவே முடியவில்லை. அவர்களுக்கு எல்லாச் சொல்லுமே தமிழ் வேண்டிய சொல்தான்.

சிவப்பு மை | ஜூன் 19, இரவு 10.20

அவர்கள் வேறு வரிசை. யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று தெரியாமல் ஒரே மருந்தைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். ஒவ்வொருவராக அழைத்து, ஆளுக்கு இரண்டு நிமிடம், நான்கு படி பாருங்கள். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்த வரிசை, மூன்றெழுத்துச் சொற்கள், நான்கு எளிய வாக்கியம், எட்டு வரிப் பத்தி. பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று பார்க்கும் அசர் ஆய்வுக்கு வீடு வீடாகப் போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் ஆங்கிலத் தாளும் எழுத்து, சொல், வாக்கியம் என்று ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

அதோடு பொருளே இல்லாத பத்துச் சொற்களையும் சேருங்கள்: மிப், லெம், நோஸ்ப் போல. ஆங்கிலத்தில் எழுதித்தான் காட்ட வேண்டும். சொல்லின் முகத்தைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும். எழுத்தைக் கூட்டத் தெரிந்த பிள்ளை தயங்கித் தயங்கியாவது சொல்லிவிடும். பத்துக்கு ஏழுக்குக் கீழே என்றால் ஒலியிலிருந்து தொடங்க வேண்டும்.

பத்தியைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். முதல் பாடம் முழுக்க மனப்பாடமாக இருக்கும், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் வாசிப்பார்கள். மொத்தம் 76 நிமிடம், இரண்டு பீரியடில் முடிந்துவிடும்.

கணக்கு வாத்தியார் | ஜூன் 19, இரவு 10.31

முடியாது. ஒருவன் எழுந்து வந்து நின்று, முடித்துப் போய், அடுத்தவன் வர அரை நிமிடம். ஆளுக்கு இரண்டரை. 38 பேருக்கு 95 நிமிடம். 40 நிமிட பீரியட் மூன்று வேண்டும்.

சிவப்பு மை | ஜூன் 19, இரவு 10.36

மூன்றுதான். காத்திருக்கும் 37 பேருக்கு அமைதியான வேலை கொடுங்கள், பார்த்து எழுதுவதாக இருந்தாலும் பரவாயில்லை. வாசிப்பவன் குரல் அவர்கள் காதில் விழாத இடத்தில் உட்காருங்கள், வராந்தா நல்லது. தடுமாறுவதைக் கேட்டு நாலு பேர் சிரித்தால் அந்தப் பிள்ளை மார்ச் வரை வாயைத் திறக்காது.

சிவப்பு மை | ஜூன் 21, பகல் 3.10

ஒலியிலிருந்து தொடங்க வேண்டிய பன்னிரண்டு பேருக்கு.

நம் பிள்ளைகள் எழுத்தின் பெயரைச் சொல்லிக் கூட்டுவார்கள்: 'சி ஏ டீ, கேட்'. சியும் ஏயும் டீயும் சேர்ந்தால் 'சியேட்டீ' வர வேண்டுமே, பூனை எங்கிருந்து வந்தது? பெயரை ஒதுக்கிவைத்து ஒலியைச் சொல்ல வைக்க வேண்டும். 26 எழுத்தும் வரிசையாக வேண்டாம். எஸ், ஏ, டீ, பி (பதினாறாம் எழுத்து), ஐ, என் என்ற ஆறு எழுத்தில் தொடங்கினால் முதல் வாரமே இருபது சொல் கட்டலாம்: சிட், பின், டிப், நிப், ஸ்பின் என்று. தினம் 10 நிமிடம், பாடம் தொடங்கும் முன். அதற்கு மேல் இழுத்தால் சலித்துவிடும்.

அடுத்த முட்டுக்கட்டை ஊமை ஈ. தொப்பிக்கான சொல்லின் கடைசியில் ஈ எழுத்தைச் சேர்த்தால் தோளில் போர்த்தும் அங்கி. நடு உயிரின் ஒலி மாறுகிறது. தமிழில் எழுதினால் இரண்டும் 'கேப்'தான். முதல் சொல்லின் நடு ஒலிக்கு நம்மிடம் எழுத்தே இல்லை, ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவே எங்கோ கிடக்கிறது. பிள்ளையின் காதுக்கு வித்தியாசம் தெரியாமல் கண்ணுக்கு மட்டும் விதியைச் சொன்னால் நிற்காது. இரண்டு சீட்டு, ஒன்றில் குட்டை ஒலிச் சொல், மற்றதில் நெட்டை. நீங்கள் சொல்லச் சொல்ல எது என்று தூக்கிக் காட்டட்டும். பத்துக்கு எட்டு சரியாக வந்தபின் எழுதச் சொல்லுங்கள்.

ஆப்பிள் படம் போட்ட அட்டையை எடுத்துவராதீர்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது அவமானம், பக்கத்து பெஞ்சில் தம்பி வகுப்பு அட்டை என்று ஓட்டிவிடுவார்கள். வெள்ளைச் சீட்டு போதும். சொற்களைத் தெருவிலிருந்து எடுங்கள்: எக்ஸ்பிரஸ், ஸ்டாப், ரீசார்ஜ், ஆஃபர், மெடிக்கல்ஸ். இவற்றில் பாதி ஏற்கெனவே அடையாளம் தெரியும், அதை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் காட்டினால் 'அட' என்பார்கள்.

'இஸ்கூல்', 'புக்கு', 'பெஞ்சு' என்று வாசித்தால் திருத்தாதீர்கள். அது வாசிப்புப் பிழை இல்லை, நம் வாய்.

மாலை டியூஷன் | ஜூன் 21, மாலை 5.00

கடைசி வரிக்கு மட்டும் ஒரு கைதட்டல். அரை மணி நேர வகுப்பில் பத்து நிமிடம் 'இஸ்கூல்'ஐத் திருத்துவதிலேயே போகிறது.

ஏழாம் வகுப்பு சி | ஜூலை 4, இரவு 9.05

சரி, கூட்டி வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துவிடுகிறது. பொருள் கேட்டால் முழிக்கிறார்கள்.

சிவப்பு மை | ஜூலை 4, இரவு 9.48

வேகம் வந்தால்தான் பொருளுக்கு மூளையில் இடம் மிஞ்சும். இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஜே சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் 1979-இல் எழுதியது: அதே சின்னப் பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. நம் வகுப்புக்கு இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

80 முதல் 100 சொல் உள்ள பத்தி. முதலில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவர்கள் விரல் வைத்துத் தொடரட்டும். பிறகு இருவர் இருவராக. ஒருவர் வாசிக்க, மற்றவர் தடுமாறும் சொல்லின் கீழே புள்ளி வைப்பார். ஒரு நிமிடம் ஆனதும் கைதட்டுங்கள், நின்ற இடத்தில் கோடு. சொற்களை எண்ணி, புள்ளிகளைக் கழித்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். அதே பத்தியை மூன்று நாளில் நான்கு முறை. ஜோடி மாற்றாதீர்கள், ஒரு தடுமாற்றமும் இல்லாதவனோடு ரொம்பத் தடுமாறுபவனைச் சேர்க்காதீர்கள்.

கெடும் இடம் எது தெரியுமா? இரண்டாம் நாள் இது ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். சொல்லின் வாலை விழுங்குவார்கள்: பன்மை எஸ் போய்விடும், இறந்தகால 'எட்' போய்விடும். அதற்காகத்தான் புள்ளியைக் கழிப்பது. நான்காம் முறை முடிந்ததும் பத்தியிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாதவன் எண் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டால் வேகம் தானே அடங்கும்.

அமெரிக்காவில் எந்த வகுப்புக்கு நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று அட்டவணை கிடைக்கும். அது பெரும்பாலும் வீட்டிலும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை அளந்து போட்டது. நம் சுவரில் ஒட்டாதீர்கள். போன வார எண், இந்த வார எண், அவ்வளவுதான்.

சிவப்பு மை | ஜூலை 5, காலை 6.50

இன்னொன்று. ஒருவன் எழுந்து நின்று ஒரு பத்தி வாசிக்க, மற்றவர்கள் கேட்பது என்ற வழக்கம். 40 நிமிடம், 38 பேர். ஆளுக்கு ஒரு நிமிட வாசிப்புக்கு 37 நிமிடக் கொட்டாவி. ஜோடி வாசிப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். சத்தம் இருக்கும்தான். தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சேர்ந்து வாசித்தல் வேண்டுமானால் இருக்கட்டும். ஆனால் வாயை மட்டும் அசைப்பவர்கள் அதில்தான் ஒளிந்துகொள்வார்கள். வரி நடுவே சட்டென்று நிறுத்தி 'அடுத்த சொல்லில் விரல்' என்று சொல்லுங்கள். விரல் எங்கே நிற்கிறது என்று ஒரு நடை நடந்தால் தெரிந்துவிடும்.

கணக்கு வாத்தியார் | ஜூலை 6, இரவு 9.20

வேகம் வந்தால் பொருள் தானாக வருமா? என் வகுப்பில் ஆங்கில வழிப் பிள்ளைகள் கணக்குக் கேள்வியை அட்சரம் பிசகாமல் வாசிக்கிறார்கள். கூட்டணுமா கழிக்கணுமா என்று என்னையே கேட்கிறார்கள்.

சிவப்பு மை | ஜூலை 6, இரவு 10.02

உங்கள் ஊர்க் கணக்கே இருக்கிறது இதற்கு. கஃப், டன்மர் என்ற இருவர் 1986-இல் ஒரு வாய்ப்பாடு போட்டார்கள். எழுத்தைக் கூட்டும் திறன் ஒரு பக்கம், அந்த மொழியைக் காதால் கேட்டால் புரியும் திறன் மறுபக்கம். வாசித்துப் புரிவது இவை இரண்டின் பெருக்கல். கூட்டல் இல்லை, கவனியுங்கள்.

கணக்கு வாத்தியார் | ஜூலை 6, இரவு 10.06

ஒரு பக்கம் சுழி என்றால் மொத்தமும் சுழி. இது புரிகிறது.

சிவப்பு மை | ஜூலை 6, இரவு 10.25

ஆகவே சோதிக்கும் வழி எளிது. புரியாத பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, காதால் கேட்டாவது புரிகிறதா என்று பாருங்கள். கேட்டால் புரிகிறது, வாசித்தால் இல்லை என்றால் கூட்டுவதில் குறை. கேட்டாலும் புரியவில்லை என்றால் சொல் தெரியவில்லை, அல்லது விஷயமே தெரியவில்லை. உங்கள் கணக்குப் பிள்ளைகள் இரண்டாம் வகை.

விஷயம் தெரிவது எவ்வளவு பெரிய சங்கதி என்பதற்கு ரெக்ட், லெஸ்லி இருவரும் 1988-இல் செய்த ஆய்வு ஒன்று. அமெரிக்காவில் 7, 8-ஆம் வகுப்பு மாணவர் 64 பேர். பேஸ்பால் ஆட்டம் பற்றி ஒரு பகுதியை வாசித்துவிட்டு, பொம்மைகளை நகர்த்தி நடந்ததைக் காட்ட வேண்டும். வாசிப்பில் பலவீனமானவர்களில் பேஸ்பால் தெரிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களை முந்திவிட்டார்கள். நம் வகுப்பில் பேஸ்பாலுக்குப் பதில் கபடி என்று வையுங்கள். பனிச்சறுக்கு பற்றிய பாடத்தில் விழிக்கும் பையன் ரைடு, போனஸ் பாயிண்ட் பற்றிய பத்தியில் நிமிர்ந்து உட்காருவான்.

மாலை டியூஷன் | ஜூலை 7, காலை 6.15

பாடத்தில் பனிதான் இருக்கிறது என்றால்?

சிவப்பு மை | ஜூலை 7, காலை 7.00

பனியைப் பற்றித் தமிழில் ஐந்து நிமிடம் பேசுங்கள். படம் காட்டுங்கள். பிறகு ஐந்தாறு சொல், அதற்கு மேல் வேண்டாம். பாடத்தில் தெரியாத சொல் இருபது இருந்தால் இருபதையும் பலகையில் ஏற்றுகிறோம், பீரியடே முடிந்துவிடுகிறது. எந்தச் சொல் தெரியாவிட்டால் கதை நகராதோ அது மட்டும். மற்றதை வாசிக்கும்போது போகிற போக்கில் சொல்லிவிடலாம்.

பாடத்திலிருந்து 100 சொல்லை எடுத்து, நடுத்தரமான ஒரு பிள்ளையிடம் தெரியாததை வட்டமிடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று என்றால் தானே வாசிக்கும். பத்துக்கு மேல் போனால் அந்தப் பாடம் நீங்கள் வாசித்துச் சொல்ல வேண்டிய பாடம். தனியாக வாசிக்க வேறு எளிய பத்தி கொடுங்கள். 'ஆங்கிலப் பேப்பர் படி, ஆங்கிலம் வந்துவிடும்' என்கிற பெரியவர்களிடம் இந்த வட்டம் போட்ட தாளைக் காட்டலாம்.

ஏழாம் வகுப்பு சி | ஜூலை 18, இரவு 9.15

கேள்வி பதில் எல்லாரும் எழுதிவிடுகிறார்கள், சரியாகவே. நோட்ஸ் இல்லாமல் வகுப்பில் எழுதச் சொன்னாலும் சரியாக வருகிறது. பொருள் மட்டும் தெரியவில்லை. எப்படி இது?

சிவப்பு மை | ஜூலை 18, இரவு 9.40

இதை வாசியுங்கள்: 'கொம்பிலி நேற்று சிவட்டில் துமளியது. அதைக் கண்ட மாரங்கி பெரிதும் ஞெகிண்டது.'

கொம்பிலி எங்கே துமளியது? சிவட்டில். அதைக் கண்டு ஞெகிண்டது யார்? மாரங்கி. இரண்டுக்கு இரண்டு மதிப்பெண். கொம்பிலி விலங்கா, வண்டியா, உங்களுக்குத் தெரியுமா?

பிள்ளைகள் செய்வது இதுதான். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அது இருக்கும் வரியை இறக்கிவிடுவது. வருடக்கணக்கில் நாமே பழக்கிய வித்தை.

கணக்கு வாத்தியார் | ஜூலை 18, இரவு 9.44

மாரங்கி மேல் எனக்கு இரக்கமாக இருக்கிறது.

சிவப்பு மை | ஜூலை 19, காலை 7.30

மாற்று. கேள்விகளை மூன்றாகப் பிரித்துப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுங்கள். ஒரே வரியில் பதில் கிடப்பது. இரண்டு மூன்று வரியைச் சேர்த்தால் கிடைப்பது. வரியில் இல்லாதது, வரி கொடுத்த தடயத்தோடு நம் அறிவையும் சேர்த்தால் கிடைப்பது. பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளுக்கு 1, 2, 3 என்று எண் போடச் சொல்லுங்கள், பதில் எழுதும் முன்பே. பெரும்பாலும் 1 ஆகத்தான் இருக்கும், அதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். மூன்றாம் வகைக் கேள்வி ஒன்றை நீங்கள் சேருங்கள்.

பத்திக்கு வரி எண் போட வையுங்கள். எந்தப் பதிலுக்கும் 'எந்த வரி சொன்னது?' என்ற ஒரே கேள்வி. பேச்சில் தமிழ் வரட்டும். யோசனை தமிழில் ஓடினால் தப்பில்லை, ஆதாரம் மட்டும் ஆங்கில வரியாக இருக்க வேண்டும். இந்த ஒன்றைக் கறாராகப் பிடித்தால் போதும், மற்ற எதிலும் விட்டுக்கொடுக்கலாம்.

கேள்வி கேட்டதும் மூன்று விநாடி வாயைத் திறக்காமல் நில்லுங்கள். மேரி பட் ரோ என்பவர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டபோது, ஆசிரியர்கள் ஒரு விநாடி அளவே காத்திருந்தது தெரிந்தது. மூன்றாக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி பலகை முன்னால் நிற்பவருக்கு யுகம். மனசுக்குள் எண்ணுங்கள்.

மாலை டியூஷன் | ஜூலை 20, இரவு 8.10

எழுதுவதற்கு வாருங்கள் சார். இங்கே எட்டாவது வரை எல்லாருக்கும் ஒரே காய்ச்சல்.

சிவப்பு மை | ஜூலை 20, இரவு 9.00

விடுப்புக் கடிதமா! 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.' தமிழ்நாட்டில் மூன்று தலைமுறையாக இறங்காத காய்ச்சல் அது.

காய்ச்சலைத் தடைசெய்யுங்கள். காரணச் சீட்டுகள் ஒரு டப்பாவில்: பாட்டிக்குக் கண் ஆபரேஷன், வீட்டுக்குள் மழைத்தண்ணீர், அக்கா கல்யாணம், சைக்கிள் டயர் கிழிந்தது. ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். கடிதத்தின் அமைப்பு அதேதான், நடு இரண்டு வாக்கியம் மட்டும் சொந்தம். அந்த இரண்டு வாக்கியத்தில்தான் எழுத்து தொடங்குகிறது.

வரும் பிழைகள் எல்லாம் தமிழிலிருந்து நேரே வருபவை. 'அவர் டாக்டர்' என்றால் நமக்கு வாக்கியம் முடிந்துவிட்டது. ஆகவே 'ஹி டாக்டர்'. நடுவே 'இஸ்' வேண்டும் என்று அடித்துத் திருத்தினால் அடுத்த வாரம் எங்கு பார்த்தாலும் இஸ்ஸும் ஆமும்: 'ஐ ஆம் கோ'. வினை கடைசியில் வந்து உட்காரும்: 'ஐ மேங்கோ ஈட்'. இதற்கு ஐந்து கட்டம் வரையுங்கள்: யார், செய்தது, எதை, எங்கே, எப்போது. வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லி, சொற்களை அந்தக் கட்டங்களில் போட்டு, பிறகு ஆங்கிலம். 'டாக்டர்' போன்ற வாக்கியத்துக்குச் செய்தது இல்லையே என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கட்டத்தில்தான் 'இஸ்' உட்காருகிறது என்று அப்போது சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

சிவப்பு மை | ஜூலை 20, இரவு 9.35

எழுத்தும் யோசனையும் ஒன்றாக நடக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே தொடக்கம், மூன்று முடிவு.

'கிணறு வற்றிவிட்டது, ஏனென்றால்...'
'கிணறு வற்றிவிட்டது, ஆனால்...'
'கிணறு வற்றிவிட்டது, அதனால்...'

ஆங்கிலத்தில் பிகாஸ், பட், ஸோ. பாடத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தால் போதும். 'பிகாஸ்' பாடத்திலேயே கிடைக்கும், இறக்கிவிடுவார்கள். 'ஸோ' கொஞ்சம் யோசிக்க வைக்கும். 'பட்'டில்தான் பிடிபடும். பாடம் புரியாதவன் 'பட்'டுக்குப் பிறகும் காரணத்தையே எழுதுவான்: 'கிணறு வற்றிவிட்டது, ஆனால் மழை இல்லை.' அந்த ஒரு வரி பத்துக் கேள்வி பதிலைவிட அதிகம் சொல்லிவிடும். அப்போது இலக்கணத்தைத் திருத்தாமல், வற்றியதற்கு எதிராக என்ன நடந்தது என்று தமிழில் கேளுங்கள்: 'ஆனால் அவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை.'

ஏழாம் வகுப்பு சி | ஜூலை 21, இரவு 10.10

திருத்துவதுதான் பயம். 38 நோட்டு.

கணக்கு வாத்தியார் | ஜூலை 21, இரவு 10.12

நோட்டுக்கு மூன்று நிமிடம் என்றால் 114 நிமிடம். இதை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்.

சிவப்பு மை | ஜூலை 21, இரவு 10.30

எல்லாவற்றையும் திருத்தாதீர்கள். என் பெயரே சிவப்பு மை, நானே சொல்கிறேன். வாரத்துக்கு இரண்டு வகைப் பிழை மட்டும், முன்பே அறிவித்துவிட்டு: இந்த வாரம் பெரிய எழுத்தும் முற்றுப்புள்ளியும், அடுத்த வாரம் இறந்தகாலம். சரியான விடையை எழுதிக் கொடுக்காதீர்கள், ஓரத்தில் ஒரு புள்ளி போதும், அந்த வரியில் பிழையைத் தேடுவது அவர்கள் வேலை. தினம் எட்டு நோட்டு எடுத்தால் வாரத்தில் ஒரு சுற்று. சிவப்பால் மெழுகிய பக்கத்தை எந்தப் பிள்ளையும் திரும்பப் பார்ப்பதில்லை, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடும்.

மாலை டியூஷன் | ஆகஸ்ட் 2, இரவு 8.45

விமர்சனச் சிந்தனை, விமர்சனச் சிந்தனை என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஏழாம் வகுப்பில் அது என்ன ரூபத்தில் இருக்கும்?

சிவப்பு மை | ஆகஸ்ட் 2, இரவு 9.30

பாட்டி வடை சுட்ட கதை ரூபத்தில் இருக்கும். கதை எல்லாருக்கும் தெரியும், ஆகவே ஆங்கிலம் மட்டும்தான் பாரம். பத்து வரியில் எளிய ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். முதலில் 'நீதி' சொல்வதைத் தடைசெய்யுங்கள். நீதி வந்ததும் யோசனை நின்றுவிடும்.

கேள்வி: இந்தக் கதையில் நஷ்டம் யாருக்கு? காக்கைக்கு என்பார்கள். எந்த வரி சொன்னது? வடையின் முதல் சொந்தக்காரர் யார்? ஒரு நிமிட அமைதி. பாட்டி இரண்டாம் வரிக்குப் பிறகு கதையிலேயே இல்லை என்று யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். கதை சொல்கிறவர் யாரை நடுவில் நிறுத்தினார், யாரை வெளியே அனுப்பினார் என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பிறகு எழுத்து வேலை: பாட்டி காவல் நிலையத்துக்கு எழுதும் புகார், ஐந்து வாக்கியம். எப்போது, எங்கே, என்ன களவு, யார்மேல் சந்தேகம், ஏன். காக்கை தரப்பு விளக்கம் அடுத்த நாள்.

கணக்கு வாத்தியார் | ஆகஸ்ட் 2, இரவு 9.41

நரி மேல் வழக்கு நிற்குமா?

சிவப்பு மை | ஆகஸ்ட் 3, காலை 7.10

அதைத்தான் வகுப்பும் கேட்கும், பீரியட் போய்விடும். போகட்டும்.

கதை பழகியபின் ஃபார்வர்டுக்கு வாருங்கள். நம் தேசியகீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக ஆங்கிலத்தில் ஒரு பொய்ச் செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறதே, அது அருமையான வாசிப்புப் பத்தி. குட்டிச் செய்தி, எளிய சொற்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பாட்டைப் பற்றிக் கேள்வியே இல்லை, செய்தியைப் பற்றித்தான். சொல்லாவிட்டால் வீட்டில் வேறு மாதிரி போய்ச் சேரும்.

நான்கு கேள்வி, பதில் எல்லாம் வரி எண்ணோடு. யார் சொன்னதாக இருக்கிறது? எந்தத் தேதி? எங்கே போய்ப் பார்த்தால் தெரியும்? நம்மை என்ன செய்யச் சொல்கிறது? இரண்டாம் கேள்வியில்தான் வேடிக்கை. 'சில நிமிடங்களுக்கு முன்' என்று இருக்கும். எதிலிருந்து சில நிமிடம்? போன வருடம் வந்தவனுக்கும் சில நிமிடம், இன்று வந்தவனுக்கும் சில நிமிடம். தேதி இல்லாத செய்தி என்பதை ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் அந்த வார வேலை முடிந்தது.

கெடும் இடம்: இரண்டு வாரத்தில் எல்லாமே பொய் என்று சொல்லிப் பழகிவிடுவார்கள். அது யோசனை இல்லை, இன்னொரு மனப்பாடம். ஆகவே உண்மைச் செய்தியையும் கலந்து கொடுங்கள்: மின்தடை அறிவிப்பு, தேர்வு அட்டவணை. எதை நம்பலாம், எந்த வரியால் என்று சொல்ல வைக்க வேண்டும்.

ஏழாம் வகுப்பு சி | ஆகஸ்ட் 23, இரவு 9.00

நால்வர் குழுவாக வாசிக்க வைக்கலாமா? ஆளுக்கொரு வேலை என்று எங்கோ படித்தேன்.

சிவப்பு மை | ஆகஸ்ட் 23, இரவு 9.25

பாலின்க்சார், பிரௌன் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1984-இல் எழுதியது. அவர்கள் பார்த்ததும் ஏழாம் வகுப்புதான்: கூட்டி வாசிப்பார்கள், பொருள் பிடிபடாது. அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது என்று நான்கு வேலை. நாலு சீட்டு, பத்திக்குப் பத்தி சீட்டு இடம் மாறும்.

முதல் இரண்டு வாரம் நான்கையும் நீங்களே செய்து காட்டாவிட்டால் இது அரட்டைதான். சுருக்குபவன் முதல் வரியையும் கடைசி வரியையும் ஒட்டுவான், ஆகவே பன்னிரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்று வையுங்கள். தெளிவாக்குபவன் 'எல்லாம் புரிகிறது' என்பான். ஒரு சொல்லாவது புரியாமல் இருக்க வேண்டும், அதுதான் அவன் வேலை என்று சொல்லிவிடுங்கள். கூட்டவே தெரியாத பிள்ளைக்கு ஊகிக்கும் சீட்டு முதலில்.

ஏழாம் வகுப்பு சி | செப்டம்பர் 6, இரவு 8.30

தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். புதுப் பாடத்தில் மேலே தமிழ் ஏறக்குறைய இல்லை. எட்டுப் பேரிடம் மட்டும் இன்னும் இருக்கிறது, அதில் மூவர் மறைத்து எழுதுகிறார்கள், புள்ளி புள்ளியாக, கண்ணுக்குத் தெரியாத பென்சிலில்.

சிவப்பு மை | செப்டம்பர் 6, இரவு 9.10

மறைக்கிற மூவரையும் ஒன்றும் சொல்லாதீர்கள். எந்தெந்தச் சொல்லின்மேல் புள்ளி இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஊமை ஈ வரும் சொற்களாகவோ, இரண்டு உயிரெழுத்து ஒட்டி வரும் சொற்களாகவோ இருக்கும். நாளைக்குப் பத்து நிமிடத்தில் என்ன சொல்லித்தர வேண்டும் என்ற பட்டியல் அது.

கணக்கு வாத்தியார் | செப்டம்பர் 6, இரவு 9.14

அந்த 'பேக்' நான்கையும் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். மூன்று சரி. கேக் சுடுவது எது என்று யாராவது சொல்லுங்கள்.

மாலை டியூஷன் | செப்டம்பர் 6, இரவு 9.20

கடைசியில் ஊமை ஈ போடுங்கள் சார்.